புலம்பெயர்வின் காரணமும் கற்பித்தலின் அறமும்: தில்லி மதராசி கேம்ப்பை முன்வைத்து

மக்கள் ஏன் இடம்பெயர்கின்றனர் என்பது பள்ளிப் பாடத்தில் எளிய வினாக்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. வறட்சி, வேலையின்மை, கல்வி, திருமணம், போர் எனச் சில விடைகளை மனனம் செய்து எழுதினால் மதிப்பெண் கிட்டும். ஆனால் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனே இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சார்ந்தவனாக இருக்கும்போது வினாவின் தன்மை மாறிவிடுகின்றது. அப்போது அது புவியியல் வினாவாக மட்டும் நிற்பதில்லை. தாத்தா ஏன் வந்தார், வந்தது முறையா, இன்று எழுந்து போகச் சொல்வது முறையா என்னும் வினாக்களையும் அது உடன் இழுத்து வருகின்றது. ஆசிரியர் முதல் வினாவுக்கு விடை கூறிவிட்டு ஏனைய இரண்டையும் கேளாதவர்போல் கடந்து செல்லலாமா என்பதே இக்கட்டுரை ஆராயும் அறவினா.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பும் களம் தில்லியில் ஜங்புராப் பகுதியில், பாராபுல்லாக் கால்வாய்க் கரையில் இருந்த மதராசி கேம்ப் ஆகும். 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தோன்றி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்களைக் கொண்டு வளர்ந்த அக்குடியிருப்பு, தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9ஆம் நாள் பிறப்பித்த ஆணையின்படி 2025 சூன் 1 முதல் இடித்து அகற்றப்பட்டது. அங்கிருந்த 370 குடியிருப்புகளுள் 215 மட்டுமே மறுவாழ்வுக்குத் தகுதியுடையன என இறுதிக் கணக்கில் அறியப்பட்டன. தகுதி பெற்றோருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நரேலாவில் அடுக்ககக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன.

சொற்களும் அவை மறைப்பனவும்

இடப்பெயர்வு, குடிபெயர்வு, புலம்பெயர்வு என மூன்று சொற்கள் இன்று தமிழில் வழங்குகின்றன. புலம்பெயர்தல் என்னும் ஆட்சி பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிய அயல்நாட்டார் கலந்து வாழ்ந்ததைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை இதனை ஆள்கின்றது. ஈழத் தமிழர் போரினால் நாடு நீங்கிய பின்னர், 1980களிலிருந்து, இச்சொல் அவர்தம் வாழ்வையும் இலக்கியத்தையும் குறிக்கும் சிறப்புப் பெயராயிற்று. கனடாவிலும் பிரான்சிலும் வாழ்வோர் புலம்பெயர்ந்தோர் எனப்படுகின்றனர்; பாராபுல்லாக் கரையில் வாழ்ந்தோரை அச்சொல்லால் குறிப்பார் அரியர். அவர்கள் பேச்சு வழக்கில் 'பிழைக்கப் போனவர்கள்'. வடமாவட்டங்களில் 'பஞ்சம் பிழைக்கப் போதல்' என்னும் தொடர் இன்றும் வழங்குகின்றது. அரசு அலுவலர் தில்லி சென்றால் அது மாற்றல். மாணவர் சென்றால் மேற்படிப்பு. நிலமற்ற கூலித் தொழிலாளி சென்றால் அது பிழைப்பு. செயல் ஒன்றாயினும் பெயர் ஆளுக்கேற்ப மாறுகின்றது. பாடம் தொடங்குமுன்பே மொழி தன் தீர்ப்பைக் கூறிவிடுகின்றது எனலாம்.

குடியிருப்பின் பெயரும் நோக்கத்தக்கது. சென்னை மாநிலம் 1969 சனவரியில் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் வடபுலத்தார் நாவில் தென்னாட்டார் அனைவரும் மதராசிகளாகவே நீடித்தனர். தன் மாநிலமே கைவிட்ட பெயரை அக்குடியிருப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தது. 'கேம்ப்' என்பதும் அவ்வாறே. முகாம் என்பது சில நாள் தங்கிச் செல்லும் இடம்; மூன்று தலைமுறையினர் பிறந்து வளர்ந்த இடத்துக்கு அது பொருந்தும் பெயரன்று. பெயரிலேயே தற்காலிகம் எழுதப்பட்டுவிட்டபின் நிலைபேற்றை எதைக்கொண்டு நிறுவுவது?

ஓரிடத்தின் மூன்று பெயர்வுகள்

ஜங்புராவின் வரலாற்றை அறிந்த ஆசிரியருக்குப் பாடநூலே வேண்டியதில்லை. 1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்ட பின்னர், புதுதில்லி கட்டுவதற்காக ரைசினா முதலிய ஊர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட இடங்களுள் ஒன்று ஜங்புரா. யங் என்னும் ஆங்கிலேய அலுவலரின் பெயரால் யங்புரா என வழங்கியதே பின்னர் ஜங்புரா எனத் திரிந்தது என்பர். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது மேற்குப் பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து வந்த ஏதிலியருக்காக லாஜ்பத் நகர், ஜங்புரா விரிவுப் பகுதி முதலிய குடியிருப்புகள் உருவாயின. அடுத்த இருபதாண்டுகளில் அவ்வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்யவும், அவ்வட்டாரக் கட்டுமானங்களில் கூலி வேலை பார்க்கவும் வந்து சேர்ந்தோருள் தமிழர்களும் அடங்குவர்.

ஆகவே சில கிலோமீட்டர் எல்லைக்குள் மூன்று பெயர்வுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. முதலாவது அரசு கட்டளையால் நிகழ்ந்தது. இரண்டாவது அரசுகள் பிரிந்ததால் நிகழ்ந்தது. மூன்றாவதற்கு எவரும் கட்டளையிடவில்லை. அதனாலேயே அதற்கு எவரும் பொறுப்பும் ஏற்கவில்லை. முதலிரண்டு கூட்டத்தாருக்கும் மனையோ வீடோ வழங்க வேண்டும் என்னும் கடப்பாட்டை அரசு ஏற்றது, முழுமையாக நிறைவேற்றியதா என்பது வேறு. மூன்றாம் கூட்டத்தார் கால்வாய்க் கரையில் தாமே இடம் தேடிக்கொண்டனர். தாமாக வந்தவர் என்பதால் அவர்க்கு உரிமை குறைவு என்னும் எண்ணம் இவ்வேறுபாட்டின் அடியில் உள்ளது. இவ்வெண்ணம் சரியானதா என்பதைக் 'காரணம்' என்னும் சொல்லை ஆராயாமல் கூற இயலாது.

பாடநூல் கூறும் காரணம்

இடப்பெயர்வு பற்றிய பாடங்கள் பெரும்பாலும் உந்துகாரணி, ஈர்ப்புக்காரணி என்னும் பகுப்பின்மேல் நிற்கின்றன. இதன் மூலம் ரேவன்ஸ்டீன் என்னும் அறிஞர் 1885, 1889 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இடப்பெயர்வு விதிகள் பற்றிய கட்டுரைகளுக்குச் செல்லும். 1966இல் எவரெட் லீ இதனைத் திருத்தி, புறப்படும் இடத்தின் கூறுகள், சேரும் இடத்தின் கூறுகள், இடையிலுள்ள தடைகள், தனிமனிதக் கூறுகள் என நான்காக விரித்தார். இடம்பெயரும் அனைவரும் தாமே முடிவெடுப்பதில்லை. குழந்தைகள் பெற்றோரால் உடன் அழைத்துச் செல்லப்படுகின்றனர் என்பதையும் அவர் சுட்டினார். வகுப்பறைக்கு மிகவும் இன்றியமையாத இக்குறிப்பைப் பாடநூல்கள் விட்டுவிட்டு, இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நிலையும் இதுவே. பெயர்வுக்கான காரணம் 1981 முதல் கேட்கப்படுகின்றது. 1991இல் இயற்கைச் சீற்றம் என ஒரு வகை இருந்தது. 2001இல் அது நீங்கியது. வேலை, தொழில், கல்வி, திருமணம், பிறந்தபின் பெயர்தல், குடும்பத்துடன் பெயர்தல், பிற என்பன 2001, 2011 கணக்கெடுப்புகளின் வகைகள். 2011இல் நாட்டில் ஏறத்தாழ 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தோராகக் கணக்கிடப்பட்டனர்; பெண்களிடையே திருமணமே தலையாய காரணமாகப் பதிவாயிற்று. சாதி இழிவுக்கு அஞ்சி ஊர் நீங்கியவர், கடன்காரருக்கு அஞ்சி நீங்கியவர், வீடு இடிக்கப்பட்டதால் நீங்கியவர் ஆகியோர்க்குத் தனி வகை இல்லை. அவர்கள் 'வேலை' என்பதிலோ 'பிற' என்பதிலோ கரைந்துவிடுகின்றனர். சிற்றூர் என்பது அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு அவையில் அம்பேத்கர் கூறிய கருத்து, ஊர் நீங்குதலுக்குப் பிழைப்பன்றி விடுதலை என்னும் பொருளும் உண்டு என்பதை உணர்த்தும். ஊரை விட்டுப் போனவன் இழந்ததை மட்டுமே பேசும் பாடம், ஊரை விட்டதனால் அவன் பெற்றதைக் காணாது போகின்றது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இந்தியப் புவியியல் நூலில் இடப்பெயர்வின் வகை, காரணம், விளைவு பற்றி ஒரு தனி இயல் இருந்தது. 2022ஆம் ஆண்டுப் பாடக்குறைப்பில் அது நீக்கப்பட்டது. அக்குழுமம் 2008இல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில், அணைக்காகக் காட்டூரை இழந்து, புதிய ஊரிலும் வாழ வழியின்றி, மும்பை சென்று அங்கும் நிலைகொள்ள இயலாது தவிக்கும் ஒரு குடும்பத்தின் கதை இடம்பெற்றது. பத்து வயதுக் குழந்தைக்கு இவற்றைச் சொல்லலாம் என ஒரு பாடக்குழு துணிந்தது என்பதற்கு அது சான்று. அட்டவணை கூறாததை அக்கதை கூறியது: முதற்பெயர்வும் இறுதிப்பெயர்வும் எவரோ எடுத்த முடிவுகளின் விளைவுகள்.

முதல், துணை, நிமித்தம்

தமிழில் 'காரணம்' என்னும் ஒரே சொல் இயற்கை நிகழ்ச்சியின் ஏதுவையும் மனிதன் தன் செயலுக்குக் கூறும் நியாயத்தையும் குறிக்கின்றது. மழை பொய்த்ததற்குக் காரணம் என்பதும், மகன் ஊரை விட்டதற்குக் காரணம் என்பதும் ஒரே வாய்பாட்டில் அமைவன. இதனால் எழும் மயக்கத்தைத் தீர்க்கச் சைவ சித்தாந்தம் கையாளும் பகுப்பு இவண் பயன்படும். குடத்திற்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணன். சமயப் பொருளை நீக்கி ஆய்வுக் கருவியாக மட்டும் கொண்டால், பாடநூல்களின் குறை தெளிவாகும். வறட்சி, வேலையின்மை, நகர வளர்ச்சி என்பன அனைத்தும் தண்டும் சக்கரமும். அவற்றை மட்டும் பட்டியலிடும் பாடம் குயவன் இல்லாத குடத்தைக் காட்டுகின்றது.

இங்கே குயவன் யார்? இருவிடை உண்டு. வந்தவரே தம் அறிவால் முடிவெடுத்தனர் என்ற அளவில் அவர்களே நிமித்தம்; அவர்களே மண்ணுமாவர். நிலம் யாரிடம் இருக்கவேண்டும், கூலி எவ்வளவு, நகரத்தில் உழைப்பவர் எங்கே உறங்குவது என்பவற்றை முடிவுசெய்தோரும் நிமித்தமே. முதல் விடையை மட்டும் கூறினால், 'வரச் சொன்னது யார்' என்னும் வசைக்கு ஆசிரியர் துணைபோனவராவார். இரண்டாவதை மட்டும் கூறினால் மாணவனின் தாத்தா காற்றில் பறந்த சருகாகிவிடுவார். ரயிலேறித் தெரியாத மொழி வழங்கும் நகரில் இறங்கி ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தியவரைச் சருகு என்பது உண்மையுமன்று, மரியாதையுமன்று. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவதே கடினம்; கற்பித்தலின் அறம் அக்கடினத்தை ஏற்பதில் உள்ளது.

இலக்கிய மரபின் துணை

இக்கடினத்தைத் தாங்கும் வளம் தமிழ் மரபில் உண்டு என்பதைப் பாடத்திட்டம் அமைப்போர் போதிய அளவு கருதவில்லை. அகத்திணையியல் ஓதல், பகை, தூது, பொருள் முதலியவற்றைப் பிரிவின் காரணங்களாக வகுக்கின்றது. கணக்கெடுப்பு அட்டவணையோடு இதனை ஒப்பிட்டுக் காட்டுவது எளிய வகுப்புப் பயிற்சியாக அமையும். ஆயின் வேறுபாடு ஒன்று உண்டு. பாலைப் பாடல்கள் காரணத்தோடு நில்லாமல் போகலாமா வேண்டாமா என்னும் உள்ளப் போராட்டத்தைப் பாடுகின்றன. பட்டினப்பாலைத் தலைவன் அப்பெரும் பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் எனத் தன் நெஞ்சிற்குக் கூறுகின்றான். செலவழுங்குதல் என ஒரு துறையே உண்டு. அது போகாமல் நின்றுவிடுவதன்று, தலைவியை ஆற்றுவிக்கும் பொருட்டுத் தாழ்த்துவதே எனத் தொல்காப்பியக் கற்பியல் விளக்குகின்றது. உந்துகாரணி, ஈர்ப்புக்காரணி என்னும் அட்டவணையில் செலவழுங்குதலுக்கு இடமில்லை. காந்தத்தை நோக்கிச் செல்லும் இரும்புத்துகள் தயங்குவதில்லை, மனிதர் தயங்குகின்றனர்.

ஆற்றுப்படை இலக்கியம் இன்னும் நெருங்கிய துணை. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை வீடுபேறு நோக்கியது. ஏனைய நான்கும், வறுமையுற்ற கலைஞனை, முன்னர்ச் சென்று பரிசில் பெற்ற கலைஞன் வழிகூறி அனுப்புவன. எவ்வழியே செல்வது, இடையில் எவர் உணவளிப்பர், சென்றடைந்தால் யாரைக் காண்பது என்பனவே அவற்றின் உள்ளடக்கம். ஒருவர் முன்சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்துக்கொள்வதை இக்காலச் சமூகவியலார் சங்கிலிப் பெயர்வு என்பர். ஓரிரு மாவட்டங்களின் மக்கள் தில்லியின் ஒரு கால்வாய்க் கரையில் ஒன்றுசேர்ந்ததற்கு வறட்சி மட்டும் விடையாகாது. வறட்சி எல்லாத் திசையிலும் தள்ளும். இன்ன ரயில், இன்ன நிலையம், இன்னார் வீட்டில் வேலை என எவரோ ஆற்றுப்படுத்தியிருக்க வேண்டும். மாணவனின் தாத்தா இங்கே வாயிற்படியில் நிற்கும் இரவலராக மட்டுமின்றிப் பிறர்க்கு வழிகாட்டிய பாணராகவும் காட்சியளிப்பார்.

சிலப்பதிகாரம் பெயர்வின் இருண்ட பக்கத்தைக் காட்டுவது. பொருளிழந்த கோவலன் புதுவாழ்வு தேடிப் புகாரை விட்டு மதுரை செல்கின்றான். கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கி, ஆயர் மகள் மாதரியின் அடைக்கலம் பெறுகின்றான். அவனை அறிந்து சான்றுரைப்பார் அந்நகரில் இல்லை. கையிலிருந்த உடைமையே களவுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது; உசாவலின்றிக் கொலை நிகழ்கின்றது. ஊர்மாறியவன் சொல்லுக்குப் புதிய ஊரில் எவ்வளவு மதிப்பு என்னும் வினா இதனுள் உள்ளது. வகுப்பறைகளில் இக்காப்பியம் பெரும்பாலும் ஊழ்வினையின் கதையாகச் சுருங்குகின்றது. நூலின் பதிகமோ மூன்று உண்மைகளைக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது அரசியல் பிழைத்தோரைப் பற்றியது, ஊழ் இறுதியிலேயே வருகின்றது. குயவனைக் குறிப்பிடும் முதலுண்மையை விட்டுவிட்டு, எவரையும் குற்றம் சாட்டாத மூன்றாம் உண்மையை மட்டும் பிடித்துக்கொள்வது வகுப்பறைக்கு வசதியாக உள்ளது.

கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலும் (192) இத்தகைய பயன்பாட்டுக்கு உள்ளாவதே. அதன் முதலடி விழா மேடைகளில் முழங்குகின்றது. ஆற்றுப் பெருக்கில் செல்லும் தெப்பம்போல உயிர் முறைவழிப்படும் என்னும் அதன் நடுப்பகுதியை மாணவர்க்கு விளக்குவோர் சிலரே. எல்லா ஊரும் தன் ஊர் எனக் கருதும் மனநிலை ஒருவர்க்கு வாய்க்கலாம். அவ்வூர் அவரைத் தன்னவர் எனக் கருதுகின்றதா என்பது அப்பாடல் எடுத்துக்கொண்ட வினா அன்று. வீடிழந்த குழந்தைக்கு அம்முதலடியை ஆறுதலாகக் கூறுவது, பசித்தவனுக்கு நோன்பின் பெருமையை விளக்குவதை ஒக்கும்.

நீதிமன்றம் கேட்ட வினா

இதே வினாவை இந்திய நீதிமன்றங்களும் எதிர்கொண்டுள்ளன. 1981இல் பம்பாய் நடைபாதைகளிலிருந்து குடிசைவாசிகள் அகற்றப்பட்டபோது தொடுக்கப்பட்டு, 1985இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர் சேலத்துத் தமிழர். ஊரில் நிலமற்ற தொழிலாளியாயிருந்து, வறட்சியால் வேலையிழந்து, 1961இல் பம்பாய் சென்றவர். தீர்ப்பின் பதிவுப்படி, நடைபாதைக் குடிசை இடிக்கப்பட்ட பின் அவர் பேருந்தில் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். வேலை தேடி மீண்டும் பம்பாய் வந்து மீண்டும் நடைபாதையிலேயே தங்கினார். இடப்பெயர்வின் காரணத்தை விளக்க இதனினும் சுருங்கிய பாடம் இல்லை. சேலத்தில் பிழைக்க முடியாமையே அவரைப் பம்பாய்க்கு அனுப்பியது; பேருந்து அக்காரணத்தை மாற்றவில்லை. வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும், இருப்பிடத்தை இழப்பது பிழைப்பை இழப்பதாகும் என அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை, முறையாக அறிவித்து அகற்றலாம் என்பதே அதன் முடிவு. காரணத்தை ஏற்று, விளைவை மறுத்த தீர்ப்பு அது.

2000ஆம் ஆண்டில் அல்மித்ரா பட்டேல் வழக்கில், ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்றிடம் தருவது பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு தருவது போன்றது என அதே நீதிமன்றம் கூறியது. பதினைந்தாண்டு இடைவெளியில் 'ஏன் வந்தாய்' என்னும் வினா மறைந்து, 'யாருடைய நிலத்தில் இருக்கின்றாய்' என்னும் வினா மட்டும் எஞ்சியது. பின்னர்த் தில்லி உயர்நீதிமன்றம் 2010, 2019 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் குடிசைவாசிகளின் மறுவாழ்வு உரிமையை வலியுறுத்திற்று. தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை 2006 சனவரி 1க்கு முன் தோன்றிய குடியிருப்புகளையும், 2015 சனவரி 1க்கு முன் அவற்றில் அமைந்த குடிசைகளையும் கணக்கில் கொள்கின்றது. மதராசி கேம்ப்பில் தகுதியை முடிவுசெய்தது இக்கொள்கையே. இங்கே வினா மேலும் சுருங்கிவிட்டது: 'உன்னிடம் எந்தத் தாள் உள்ளது?'

நீதிமன்ற ஆணையின் பக்கமுள்ள நியாயத்தையும் மாணவர்க்கு மறைத்தல் கூடாது. பாராபுல்லாக் கால்வாய் அடைபட்டால் மழைக்காலத்தில் சுற்றுப்புறங்களில் வெள்ளம் தேங்குகின்றது. அதனால் துன்புறுவோரும் நகரத்து மக்களே. பொது நிலத்தில் குடியிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. கொள்கைப்படியான மறுவாழ்வையே கோரலாம் என்பது ஆணையின் அடிப்படை. இதனைச் சொல்லாமல் விட்டால் பாடம் வெறும் முறையீடாகிவிடும். சொல்லியபின் எழும் வினாக்களும் மாணவர்க்குரியனவே. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் கிடைத்த வீட்டிலிருந்து ஜங்புராவில் பாத்திரம் துலக்கும் வேலைக்கு விடியலில் வந்துசேர இயலுமா? வீடும் பிழைப்பும் பிரிக்க முடியாதவை என 1985இல் ஏற்கப்பட்ட கருத்து 2025இல் எங்கே சென்றது?

சொந்த ஊர் எது?

இடிப்பின்போது, சொந்த ஊர் திரும்ப விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 1981இன் சேலம் பேருந்தோடு இதனை ஒன்றாகக் கருதல் தவறு. இது விருப்பத்தைச் சார்ந்தது, பரிவின்பாற்பட்டது. ஆயினும் 'திரும்புதல்' என்னும் சொல் வந்தவருக்கே பொருந்தும். தில்லியிலேயே பிறந்த பேரப்பிள்ளைக்கு விழுப்புரம் போவது திரும்புதல் அன்று. அவ்வளவில் அது முதற்பெயர்வு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோதும் 'தாயகம் திரும்பியோர்' என்றே அவர்கள் அழைக்கப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களில் பிறந்து இந்திய மண்ணை அதற்குமுன் மிதித்தறியாத பலர் அவர்களுள் இருந்தனர்.

தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் வினா 'எந்த ஊர்?' என்பது. அதற்குத் தந்தையின் ஊரையே விடையாகக் கூறுவது வழக்கு. தில்லியில் பிறந்த பிள்ளையும் கோடை விடுமுறையில் மட்டும் கண்ட ஊரின் பெயரைக் கூறும். இவ்வழக்கின் அன்பை மறுப்பதற்கில்லை. அது வேரை நினைவூட்டுகின்றது. அதே வழக்கு, நீ இருக்குமிடம் உன் ஊர் அன்று என்பதையும் அப்பிள்ளைக்குக் கற்பித்துவிடுகின்றது. மதராசி என அயலார் அழைத்ததும், எந்த ஊர் என நம்மவர் கேட்டதும் ஒரே முடிவில் சென்று சேர்வது வருந்தத்தக்கது.

மறுப்புகள்

இவற்றையெல்லாம் இளஞ்சிறார்க்குக் கூறுவது அவர்தம் காயத்தைக் கிளறுவதாகாதா என்பது முதல் மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. ஒரு மாணவனை எழுப்பி 'உன் வீட்டுக் கதையைச் சொல்' எனப் பணிப்பது பாடமன்று. அது அவனைப் பலர்முன் நிறுத்துவது. இலக்கியத்தின் பயன் இங்கேதான். கோவலனைப் பற்றியும் பாணனைப் பற்றியும் பேசும்போது மாணவன் தன்னை வெளிப்படுத்தாமலே தன்னைப் பற்றிச் சிந்திக்க இயலும். பேசுவதும் பேசாதிருப்பதும் அவன் உரிமை. ஆனால் மௌனம் காயத்தை ஆற்றும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. புல்டோசரைக் கண்ட குழந்தைக்கு அதைப் பற்றி எவரும் பேசாத வகுப்பறை, அது பேசத்தகாத இழிவு என்றே உணர்த்தும்.

ஆசிரியர் நடுநிலை பிறழலாகாது என்பது மற்றொரு மறுப்பு. நடுநிலை என்பது இருதரப்புக் காரணங்களையும் உரைப்பதே ஒழிய, காரணர்களை நீக்கிவிட்டுக் காரணிகளை மட்டும் உரைப்பதன்று. 'வேலையின்மை மக்களைத் தள்ளியது' என்னும் தொடரில் எழுவாய் வேலையின்மை. அது இலக்கணப்படி எழுவாயாகலாம், அறத்தின்படி ஆகாது. இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர் இலக்கண வகுப்பிலேயே காட்டிவிட முடியும்.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923. அந்நாளில் மதராசி என்னும் பெயரையே தாங்கிய அவ்வமைப்பு, மாற்றலில் வந்த தென்னாட்டு அலுவலர்தம் பிள்ளைகளுக்காகத் தோன்றி, இன்று ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. அலுவலரின் மக்களும் வீட்டுவேலை செய்வோரின் மக்களும் ஒரே வகுப்பில் தமிழ் கற்கும் வாய்ப்பை அப்பள்ளிகள் அளித்தன. லோதி எஸ்டேட் பள்ளி மதராசி கேம்ப்புக்கு அண்மையில் இருந்தது. மாற்றலில் வந்தோரும் பிழைக்க வந்தோரும் அருகருகே அமரும் அத்தகைய வகுப்பே 'ஏன் இடம்பெயர்கின்றனர்' என்னும் பாடத்துக்கு ஏற்ற இடம். ஏழு பள்ளிகளுள் ஒன்றேனும் நரேலாப் பகுதியில் இல்லை. அங்குச் சென்ற பிள்ளைகள் பலர் இப்பாடத்தை இனி இந்தியிலேயே கற்கக்கூடும். இந்திப் பாடநூல் இடப்பெயர்வை 'பிரவாஸ்' என்னும். செய்தித்தாள்களோ பெரிதும் 'பலாயன்' என்கின்றன. பலாயன் என்பதன் நேர்பொருள் தப்பியோடுதல்.